ரசாயனப் பரிசோதகரின் மேசை: அன்றும் இன்றும்

இந்தியாவில் குற்ற வழக்குகளுக்கென்று வேதியியல் சோதனை செய்யும் முதல் அரசு ஆய்வகம் 1849-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கியது. கல்கத்தாவில் 1853, ஆக்ராவில் 1864, பம்பாயில் 1870. இந்த வரிசையில் சென்னைதான் மூத்தது. ஆய்வகத்தை நடத்தியவர் ‘கெமிக்கல் எக்ஸாமினர்’, அதாவது ரசாயனப் பரிசோதகர். அவர் போலீசுக்குக் கீழே இருக்கவில்லை, சுகாதாரத் துறைக்குக் கீழே இருந்தார். அந்தக் காலத்தில் இந்தப் பதவி பெரும்பாலும் மருத்துவர்களுக்கே போனது. காலையில் மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிற அதே மனிதர் பிற்பகலில் கொலை வழக்கின் சீசாவைத் திறப்பார்.

மாவட்டங்களிலிருந்து அவருக்கு வந்தவை கண்ணாடிச் சீசாக்கள். பிரேதப் பரிசோதனையில் எடுத்த இரைப்பை, குடல் துண்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைச் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு, வாயை இறுகக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். கூடவே ஒரு கடிதம் வரும். இறந்தவர் யார், கடைசியாக என்ன சாப்பிட்டார், வாந்தி இருந்ததா, வலிப்பு வந்ததா என்றெல்லாம் அதில் இருக்கும். பரிசோதகரிடம் கேட்கப்பட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்த உடம்பில் விஷம் இருக்கிறதா, இருந்தால் என்ன விஷம்?

அன்றைய விஷங்கள் கடைத்தெருவிலும் வேலியோரத்திலும் கிடைத்தவை. வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக், ஊமத்தை, அரளி, நாவி, எட்டி, அபின். வழிப்போக்கருக்குச் சோற்றில் ஊமத்தையைக் கலந்து கொடுத்து, அவர் மயங்கியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற கும்பல்கள் சாலைகளில் இருந்தன. தோலுக்காக அடுத்தவர் மாட்டைக் கொல்வதும் அடிக்கடி நடந்த குற்றம். தீவனத்தில் பாஷாணம் வைப்பார்கள். அல்லது குன்றிமணியை அரைத்து, முள்போல உருட்டிக் காயவைத்து, மாட்டின் தோலுக்குள் குத்திவிடுவார்கள். அந்த முள்ளால் மாடு சாவது கிருமியாலா விஷத்தாலா என்று மருத்துவ உலகில் ஒரு விவாதமே நடந்தது. கல்கத்தாவில் வார்டன், வாடெல் என்ற இருவர் 1884-ல் அதற்கு விடை கண்டார்கள். கிருமி இல்லை, விதையிலேயே இருக்கிற புரதப் பொருள்தான் கொல்கிறது என்றார்கள். ஐரோப்பியப் பாடநூல்களில் இந்த விஷயமெல்லாம் கிடையாது. நம் ஊர் விஷச்செடியான ஒடுவன் தழையைப் பற்றி பாரிஸில் அச்சான எந்தப் புத்தகத்தைப் புரட்டி அறிந்துகொள்ள முடியும்? இந்தியாவில் வேலை பார்த்த பரிசோதகர்கள் தங்கள் மேசையில் வந்ததைக் கொண்டே கற்றார்கள், தங்களுக்குள் எழுதிப் பகிர்ந்தார்கள். பம்பாயில் ரசாயனப் பரிசோதகராக இருந்த லயன் 1880-களின் இறுதியில் வெளியிட்ட இந்திய மருத்துவச் சட்ட நூல் அப்படிப் பிறந்ததுதான்.

அவர்கள் கையில் இருந்த சோதனைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. ஆர்சனிக்குக்கு மார்ஷ் சோதனை. 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் கண்டுபிடித்தது. சந்தேகப்படும் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் ஒரு வாயு கிளம்பும். அதைச் சூடான கண்ணாடிக் குழாய் வழியாக அனுப்பினால், ஆர்சனிக் இருக்கும் பட்சத்தில், குழாயின் உட்புறம் கருமையாகக் கண்ணாடி பூசியதுபோல் படியும். நான்கே ஆண்டுகளில் பிரான்சில் மேரி லஃபார்ஜ் என்ற பெண் கணவனுக்குப் பாஷாணம் கொடுத்த வழக்கில் அந்தக் கருமைதான் சாட்சியாக நின்றது. தாவர விஷங்கள் அவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை. உடலின் கொழுப்புக்கும் புரதத்துக்கும் நடுவே ஒளிந்திருக்கும் ஆல்கலாய்டை வெளியே கொண்டுவரும் வழியை 1850-ல் பெல்ஜியத்தில் ஒரு நிகோட்டின் கொலை வழக்கில் ஜீன் ஸ்டாஸ் கண்டார். திசுவை அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, காரமாக்கி, ஈதரில் பிரித்தெடுப்பது. பிறகு ஓட்டோ அதைச் செம்மைப்படுத்தினார். ஸ்டாஸ்-ஓட்டோ முறை என்றால் நம் ஆய்வகங்களில் இன்றும் தெரியாதவர் இல்லை.

பிரித்தெடுத்த பிறகுதான் உடம்பையே கருவியாக்கும் வேலை வரும். ஊமத்தை என்று சந்தேகம் இருந்தால், சாற்றில் ஒரு துளியைப் பூனையின் கண்ணில் விடுவார்கள். கண்மணி விரிந்தால் ஊமத்தை. நாவி என்றால் பரிசோதகர் மிகச் சிறிய அளவைத் தம் நாக்கிலேயே வைத்துப் பார்ப்பார். விறுவிறுவென்று கூச்சமும் மரமரப்பும் வந்தால் நாவி. எட்டியின் ஸ்டிரிக்னினுக்குத் தவளை விறைத்துக்கொள்ளும். கூடவே கந்தக அமிலமும் டைகுரோமேட்டும் சேர்த்தால் ஊதாக் கோடு ஓடும். ஸ்டாஸே தம் நிகோட்டினை மூக்காலும் நாக்காலும் அறிந்தவர்தான்.

அந்த மனிதர்களின் துணிவை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சாட்சியத்தின் ஓட்டையையும் பார்க்காமல் இருக்க முடியாது. ‘நாக்கு மரத்தது’ என்று பரிசோதகர் எழுதிவிட்டால் அதை வேறு யார் மறுபடி சோதிப்பது? கருமைப் படலத்தையாவது நீதிபதிக்குக் காட்டலாம். விரிந்த பூனைக் கண் சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். குற்றவாளிக் கூண்டில் நின்றவருக்கு, எதிரே இருந்த வைத்தியரின் நேர்மையைத் தவிர வேறு பிடிமானம் இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சீசாவுக்குள் இருந்தது மாறிக்கொண்டே வந்தது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியபோது ஊறல், கள்ளச்சாராயம், போதை ஏறுவதற்காகக் குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் என்று புது வரிசை ஒன்று ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு பாஷாணத்தின் இடத்தைப் பூச்சிமருந்து பிடித்துக்கொண்டது. கொங்கு நாட்டில் வாசல் தெளிக்க விற்ற சாணிப்பவுடர் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை அந்தப் பகுதி ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் நன்றாக அறிவார்கள். வெடிமருந்தும் இந்த மேசைக்கே வந்தது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன் அங்கே கிடைத்த துண்டுகளைச் சேர்த்து இடுப்பில் கட்டிய வெடிகுண்டை உருவாக்கிக் காட்டியது உலகம் அறிந்த செய்தி. ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் என்ற பழைய பெயர் அதற்கு வெகு முன்பே போய்விட்டது. இன்று அது தமிழ்நாடு தடய அறிவியல் துறை. தலைமையகம் மயிலாப்பூரில், காமராஜர் சாலையில். மதுரை, கோவை, சேலம், திருச்சி, திருநெல்வேலி, வேலூர், விழுப்புரம் என்று வட்டார ஆய்வகங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட பெரிய திருப்பம் 1985 நவம்பர் 14 அன்று வந்தது. என்.டி.பி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் போதைப்பொருள் சட்டம் அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த 1930-ம் ஆண்டுச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. மறுபடி மாட்டினால் 4 ஆண்டு. புதிய சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு என்றது. 2001-ல் திருத்தம் வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ‘சிறிய அளவு’, ‘வணிக அளவு’ என்று இரண்டு எல்லைகள் அறிவிக்கப்பட்டன. கஞ்சா என்றால் 1 கிலோவும் 20 கிலோவும். ஹெராயின் 5 கிராம், 250 கிராம். கொக்கைன் 2 கிராம், 100 கிராம். எம்.டி.எம்.ஏ. அரை கிராம், 10 கிராம். வணிக அளவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. ஜாமீன் கிடைப்பதும் மிக அரிது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய பரிசோதகர் விஷம் உண்டு என்று சொன்னாலும், யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று நிரூபிக்க வேறு பத்துச் சாட்சிகள் வேண்டும். அவர் அறிக்கை வழக்கின் ஒரு தூண்தான். போதைப்பொருள் வழக்கில் அப்படி இல்லை. ஒருவர் பையில் இருந்த பொடி என்ன பொருள் என்பதுதான் குற்றமே. அந்தப் பெயர் மாறினால் சட்டப் பிரிவு மாறும், தண்டனை மாறும், சில சமயம் குற்றமே இல்லாமல் போகும். இருபத்தைந்து வயதில் ஆய்வகத்தில் சேருகிற ஒரு எம்.எஸ்சி. பட்டதாரியின் கையெழுத்து, தாம் முகம் பார்த்திராத ஒருவரின் பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. இந்தப் பாரம் லயனுக்குக்கூட இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அளவு பற்றிய சட்டச் சண்டை வேதியியலரின் வேலையை எப்படிப் புரட்டிப்போட்டது என்பதற்கு ஒரு ஹெராயின் வழக்கு போதும். பிடிபட்ட பொடி 4 கிலோவுக்குச் சற்று மேல். சோதித்ததில் அதிலிருந்த ஹெராயின் ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான். மொத்தமாகக் கணக்கிட்டால் 60 கிராம் போல வரும். கலப்பையும் சேர்த்து நிறுத்தால் வணிக அளவு. சரக்கை மட்டும் எடுத்தால் இல்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம், உள்ளே இருக்கும் போதைப்பொருளின் எடையைத்தான் பார்க்க வேண்டும் என்றது. அதுவரை ‘ஹெராயின் இருக்கிறது’ என்று எழுதினால் போதும் என்றிருந்த ஆய்வகங்கள் எத்தனை சதவீதம் என்று அளந்தாக வேண்டிய நிலை வந்தது. அளப்பது என்றால் தூய்மை தெரிந்த ஒப்பீட்டு மாதிரி வேண்டும், அதற்கான கருவி வேண்டும், பிழை வரம்பு எழுத வேண்டும். 2009-ல் மத்திய அரசு, கலவையின் மொத்த எடையே கணக்கு என்று அறிவிக்கை போட்டது. 2020 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தள்ளிவிட்டு, மொத்த எடைதான் என்று முடித்துவைத்தது. இந்த முடிவு எனக்கு உறுத்துகிறது. தெருமுனையில் பொட்டலம் விற்கும் பையனிடம் இருப்பது எப்போதும் அதிகக் கலப்புள்ள சரக்குதான். மேலே இருக்கும் வியாபாரியிடம்தான் தூய சரக்கு இருக்கும். எடையை மட்டும் பார்த்தால் சுண்ணாம்புப் பொடிக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து அந்தப் பையன் சிறை அனுபவிக்கிறான். நீதிமன்றம் கேட்கவில்லை என்றாலும் தூய்மைச் சதவீதத்தை அறிக்கையில் எழுதுவது நல்லது. எந்தத் தொகுதி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் அது உதவும்.

இனி சோதனைகளுக்கு வருகிறேன். பொட்டலம் திறந்ததும் செய்யும் வண்ணச் சோதனை இன்னும் பழையதுதான். மார்க்விஸ் கரைசல் 1896-ல் வந்தது: கந்தக அமிலத்தில் ஃபார்மால்டிஹைடு. அபின் வகை என்றால் ஊதா, ஆம்பெட்டமின் வகை என்றால் ஆரஞ்சு. கொக்கைனுக்குக் கோபால்ட் தயோசயனேட், நீலம். கஞ்சாவுக்கு டுகெனுவா-லெவின், ஊதா நிறம் குளோரோஃபார்ம் அடுக்குக்கு இறங்கும். ஆனால் இவை எதுவும் முடிவு அல்ல. பல் பிடுங்கும்போது மரக்கப் போடும் லிக்னோகெய்னும், சளி மருந்தில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமினும் கோபால்ட் சோதனையில் நீலம் காட்டக்கூடியவை. சாலையோரத்தில் இந்த ஒரு துளி நிறத்தை வைத்துக்கொண்டு ஒருவரைக் கைது செய்வதும், பத்திரிகைக்குப் படம் கொடுப்பதும் சரியல்ல; ஆய்வக முடிவு வரும் வரை அது சந்தேகம் மட்டுமே.

கஞ்சாவில் வேதியியல் மட்டும் போதாது. சட்டப்படி பூவோ காயோ உள்ள நுனிதான் கஞ்சா; அது சேராமல் வரும் இலையும் விதையும் கணக்கில் இல்லை. ஆகவே பரிசோதகர் நுண்ணோக்கியில் இலையின் மேல் இருக்கும் கூரிய மயிரைத் தேடுகிறார். பூநுனி இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் கண்ணாடித் தகட்டில் செய்யும் மென்படல நிறப்பிரிகை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதும் இதைத்தான்: சாக்கில் இருந்தது வெறும் இலையா, நுனியா, எடை போடும்போது பிரித்தீர்களா?

பொடிகளுக்கு இன்றைய தலைமைச் சாட்சி ஜி.சி.-எம்.எஸ். கருவி. வாயு நிறப்பிரிகையை 1952-ல் ஜேம்ஸும் மார்ட்டினும் வெளியிட்டார்கள். அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்காவின் டவ் நிறுவனத்தில் அதை நிறைமானியோடு இணைத்தார்கள். கலவை ஒரு நீண்ட மெல்லிய குழாய் வழியாக ஓடிப் பிரிகிறது. வெளியே வரும் ஒவ்வொரு பொருளையும் எலக்ட்ரான் கற்றை அடித்து நொறுக்குகிறது. உடைந்த துண்டுகளின் நிறை ஒரு வரிசையாகப் பதிகிறது. கொக்கைனுக்கு 82, 182, 303 என்ற உச்சங்கள் வரும். இந்த வரிசையைக் காகிதத்தில் அச்சிட்டு வழக்குக் கோப்பில் வைக்கலாம். இருபது ஆண்டு கழித்து இன்னொரு வேதியியலர் எடுத்துப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லலாம். பூனைக் கண்ணோடு ஒப்பிட்டால் உண்மையான முன்னேற்றம் இதுதான். வேகமோ நுட்பமோ அதற்கு அடுத்தபடிதான். சாட்சியம் ஒரு மனிதரின் நாக்கிலிருந்து விலகி, யாரும் மறுபடி பார்க்கக்கூடிய தாளுக்கு வந்தது.

ஆனால் அந்தத் தாளையும் படிக்கத் தெரிய வேண்டும். மெத்தாம்பெட்டமின், எம்.டி.எம்.ஏ., மெஃபெட்ரோன், சளி மாத்திரையின் எபெட்ரின் எல்லாவற்றிலும் மிக உயரமான உச்சம் 58 என்ற ஒரே இடத்தில்தான் வரும். கணினி நூலகம் ‘92 சதவீதம் பொருந்துகிறது’ என்று ஒரு பெயரை நீட்டும். அனுபவம் இல்லாதவர் அதை அப்படியே எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. மெஃபெட்ரோனில் சிக்கல் இன்னும் கூடுதல். வளையத்தின் நான்காம் இடத்தில் மெத்தில் தொகுதி இருந்தால் அது மெஃபெட்ரோன். அதே தொகுதி மூன்றாம் இடத்துக்கு நகர்ந்தால் வேறு பொருள். நிறைமானி இரண்டையும் பிரித்துக் காட்டத் திணறும். முதலாவது 2015-ல் ஐ.நா. அட்டவணையில் ஏறியது, இரண்டாவது சில ஆண்டுகள் கழித்துத்தான் ஏறியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தொகுதி இடம் மாறினால் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பதே மாறிவிடும் நிலை. அகச்சிவப்பு நிறமாலை, என்.எம்.ஆர். என்று இரண்டாம் வழியில் உறுதிசெய்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

பழைய பரிசோதகர் தேடியது ஒரு டஜன் விஷங்களில் ஒன்றை. இன்று உலகெங்கும் ஐ.நா. பதிவில் ஏறியிருக்கும் புதிய போதைப்பொருட்கள் 1,200-க்கு மேல். இவற்றில் பல, மருந்து ஆராய்ச்சியாளர்கள் எப்போதோ செய்து கைவிட்டவை. அமெரிக்காவில் ஜான் ஹஃப்மன் மூளையின் வேலையைப் புரிந்துகொள்ளச் செய்த ஜே.டபிள்யூ.எச்.-018 என்ற பொருள், 2008-ன் முடிவில் ஜெர்மனியில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் விற்ற மூலிகைப் பொட்டலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றைத் தடைசெய்வதற்குள் அதன் தம்பி வந்துவிடுகிறது. ஒப்பீட்டு மாதிரியே கடையில் கிடைக்காத பொருளை எப்படி உறுதிசெய்வது? நம் ஊரில் இந்தப் பிரச்சினைக்கு வேறு முகம் இருக்கிறது. மருந்துக் கடையில் விற்கும் வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களின் வழக்குகள் தமிழ்நாட்டில் பெருகின. டிரமடால் 2018-ல்தான் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. டபென்டடால் அதற்குப் பிறகும் வெளியே நின்றது. ஆய்வகம் பொருளைச் சரியாகச் சொன்னாலும் சட்டத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டால் வழக்கு வேறு பிரிவுக்குப் போகும்.

காமராஜர் சாலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தடய அறிவியல் துறை இருக்கும் அதே சாலையில், கடற்கரை ஓரமாக வடக்கே போனால் மாநிலக் கல்லூரி. அங்கே படித்த சி. வி. ராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல்தான் இன்று விமான நிலையங்களில் அதிகாரிகள் கையில் பிடித்திருக்கும் சோதனைக் கருவிக்கு அடிப்படை. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் பொடியின் மீது லேசரைக் காட்டினால் பெயர் வரும். பொடி அழுக்காக, ஒளிரும் தன்மையோடு இருந்தால் அது தடுமாறும். சிறிதளவே கலந்த ஃபெண்டனிலைத் தவறவிடும். அதனால் கடைசிச் சொல் இன்னும் ஆய்வக மேசைக்குத்தான்.

மாதிரி எடுப்பதிலும் நிறைய மாறியிருக்கிறது. 1980-களின் இறுதியில் வந்த மத்திய அரசின் நிலையாணை, கஞ்சா, அபின், சரஸ் என்றால் 24 கிராம், மற்றவை 5 கிராம், 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு என்று வகுத்தது. மாதிரியைப் பிடித்த இடத்திலேயே போலீசார் எடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. போதைப்பொருள் சட்டத்தின் 52-ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் கண்டித்துச் சொன்னது. 2022 டிசம்பரில் அதற்கான விதிகள் வந்தன. முத்திரை சரியில்லை, கடிதத்தில் எழுதிய எடையும் வந்த எடையும் ஒத்துப்போகவில்லை என்று வழக்குகள் விழுவதைப் பார்க்கும்போது, கோடி ரூபாய்க் கருவியைவிட அரக்கும் தராசும் முக்கியம் என்று தோன்றும்.

அரசு வேதியியலரின் அறிக்கையை அவர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 293-ம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 329. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்பதையும் புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. வேலை பெருகும். ஆள் பெருக வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. வழியாக இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்குத் தேர்வு நடக்கிறது; காந்திநகரில் தொடங்கிய பல்கலைக்கழகம் 2020-ல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாகி அதற்கென்றே படிப்பு நடத்துகிறது. ஆனாலும் குவிந்து கிடக்கும் பொட்டலங்களுக்கு எதிரே ஆட்கள் குறைவு. குறைந்த ஆட்கள் என்றால் அவசரம். அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஹின்டன் ஆய்வகம் காட்டியது. சக ஊழியர்களைவிடப் பல மடங்கு மாதிரிகளை முடித்த ஒரு வேதியியலர், பலவற்றைச் சோதிக்காமலே முடிவு எழுதியிருந்தார் என்று 2012-ல் தெரியவந்தது. 2017-ல் 21,000-க்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகள் அதனால் தள்ளுபடியாயின. அவர் அத்தனை வேகமாக முடித்ததை மேலதிகாரிகள் சந்தேகிக்கவில்லை, பாராட்டினார்கள் என்பதுதான் எனக்கு அச்சம் தருவது. எந்த ஆய்வகத்திலும் ஒருவர் எத்தனை கோப்பு முடித்தார் என்று எண்ணுவதற்கு முன், ஒவ்வொரு பத்தாவது மாதிரியையும் இன்னொருவர் அடையாளம் தெரியாமல் மறுபடி சோதித்தாரா என்று பார்க்க வேண்டும்.

இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் ஒன்று மாறவில்லை. 1849-ல் பரிசோதகரிடம் வந்தது இறந்தவரைப் பற்றிய கேள்வி. இன்று வருவது கைதானவரைப் பற்றிய கேள்வி. இரண்டும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருபவை. விடையும் நீதிமன்றத்துக்கு மட்டுமே போகிறது. நெதர்லாந்தில் 1992 முதல் வேறு ஓர் ஏற்பாடு இருக்கிறது. போதை மாத்திரை வாங்கியவரே அதைக் கொண்டுவந்து பயமில்லாமல் சோதிக்கக் கொடுக்கலாம். 2014 டிசம்பரில் அப்படி வந்த இளஞ்சிவப்பு ‘சூப்பர்மேன்’ மாத்திரையில் எம்.டி.எம்.ஏ. இல்லை, அதைவிடக் கொடிய பி.எம்.எம்.ஏ. அதிக அளவில் இருந்தது. உடனே நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் எச்சரித்தார்கள். அங்கே ஒருவரும் சாகவில்லை. எச்சரிக்கை போய்ச் சேராத இங்கிலாந்தில் அதே மாத்திரைக்கு நான்கு பேர் பலியானார்கள். வேதியியல் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். முடிவை யாரிடம் சொன்னார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு உயிரிழந்தார்கள். மெத்தனாலைக் கண்டுபிடிப்பது ஆய்வகத்துக்குக் கடினமான வேலையே இல்லை. பழைய குரோமோட்ரோபிக் அமிலச் சோதனையே ஊதா நிறம் காட்டிவிடும், வாயு நிறப்பிரிகைக் கருவி சில நிமிடங்களில் அளவையும் சொல்லும். உடலுக்குள் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்பதற்கு முன் சில மணி நேர அவகாசம் உண்டு. அதற்குள் தெரிந்தால் ஃபோமிபிசோலோ எத்தனாலோ கொடுத்து, ரத்தச் சுத்திகரிப்பு செய்து காப்பாற்றலாம். கள்ளச்சாராயம் பிடிபடாத வாரமே இல்லாத மாவட்டங்களில், பிடித்த சாராயத்தின் மாதிரியில் மெத்தனால் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்து, இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் 108 ஆம்புலன்சுக்கும் அந்த இரவே செய்தி போகும்படி ஓர் ஏற்பாடு வேண்டும். மாவட்டங்களில் நடமாடும் தடய அறிவியல் பிரிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. மேசைமீது வைக்கும் சிறிய வாயு நிறப்பிரிகைக் கருவிகளும் சந்தையில் கிடைக்கின்றன. அறிக்கையின் நகல் போகும் இடங்களின் பட்டியலில் இன்று மாஜிஸ்திரேட்டும் விசாரணை அதிகாரியும் இருக்கிறார்கள். மூன்றாவதாகப் பணி மருத்துவரின் பெயரையும் சேர்க்க ஓர் அரசாணை போதும்.